யாப்பில்லாத திட்டத்தில் தலைவரை நீக்குதல்: வன்னியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவு பற்றி

கமக்காரரின் வயல், தண்ணீர்ப் பங்குப் பதிவுகளுக்காகக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றை எழுதும், கிளிநொச்சி மாவட்டத்தை மையமாகக் கொண்டு இயங்கும் ஒரு சிறிய திறந்த மூல (நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய) மென்பொருள் திட்டத்தில் 2023 ஜனவரிக்கும் ஓகஸ்டுக்கும் இடையில் நடந்தவற்றை இங்கே எழுதுகிறேன். திட்டத்தின் பெயர், குளத்தின் பெயர், ஆட்களின் பெயர் எதுவும் இதில் இல்லை. சம்பந்தப்பட்டவர்களில் அநேகர் இன்றும் ஒரே வீதியால் போய்வருகிறவர்கள்.

நான் நிரல் எழுதுகிறவன் அல்ல. கையேடு எழுதுவதிலும் செயலியைச் சோதித்துப் பார்ப்பதிலும் உதவியவன். பிரச்சினை முற்றியபோது கூட்டங்களில் குறிப்பெடுத்துத் தரும்படி இரு தரப்பாரும் கேட்டார்கள். அந்தக் குறிப்புகளும் இரு தரப்பும் காட்டிய உரையாடல்களுமே இதற்கு ஆதாரம்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திட்டத்தைத் தொடங்கி நடத்தியவர் தலைமைப் பொறுப்பில் இருந்து இறங்கவேண்டித்தான் இருந்தது. ஆனால் முதல் தடவை அவரை இறக்கிய விதத்தால் பாதிக்கப்பட்டவர்கள், இந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத கமக்காரர்கள்.

பின்னணி

2018 டிசம்பர் பிற்பகுதியில் பெய்த பெருமழையில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் மூழ்கின. கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறி, அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பதிவேடுகள் ஊறிப்போயின. யாருக்கு எந்த வாய்க்காலின் கீழ் எத்தனை ஏக்கர், சிறுபோகத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விபரமெல்லாம் அவற்றில்தான் இருந்தன. செயலாளரின் மருமகன் கொழும்பில் மென்பொருள் பொறியியலாளராக இருந்தவர். அந்தப் பதிவேட்டைத் திரும்பக் கொப்பியில் எழுதுவதற்குப் பதிலாக, 2019இல் கைத்தொலைபேசியில் இயங்கும் ஒரு செயலியை எழுதிக் கொடுத்தார். இனி அவரை நிறுவுநர் என்று குறிப்பிடுகிறேன்.

வெளியில் இருந்து வாசிக்கிறவர்களுக்குச் சிறுபோகப் பங்கு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். காலபோகம் மாரி மழையோடு வருவது, வயல் முழுவதும் விதைக்கலாம். சிறுபோகத்துக்குக் குளத்தில் மிஞ்சிய தண்ணீர்தான். காலபோக அறுவடை முடிகிற நேரம், நீர்மட்டத்தைப் பார்த்து இத்தனை ஏக்கருக்குத்தான் தண்ணீர் காணும் என்று நீர்ப்பாசனப் பகுதியினர் சொல்வார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் ஏக்கர் அளவும் விதைப்புத் திகதியும் தீர்மானமாகும். பிறகு அந்த அளவை அமைப்புகளுக்கும், அமைப்புக்குள் உறுப்பினர்களுக்கும் பிரிக்கவேண்டும். மூன்று ஏக்கர் வயல் உள்ளவருக்கு முக்கால் ஏக்கர் பங்கு விழலாம். அந்த முக்கால் ஏக்கரும் அவருடைய சொந்த வயலில் இராமல், தண்ணீர் வீண்போகாதபடி ஒரே வாய்க்காலின் கீழ் ஒதுக்கிய வேறொருவர் வயலில் வரலாம். இந்தக் கணக்கில் கால் ஏக்கர் பிசகினாலும் ஊர் இரண்டுபடும். செயலி இந்தக் கணக்கை எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டியது. அதனால்தான் அது பரவியது.

இணையம் இல்லாத இடத்திலும் பழைய அண்ட்ரொயிட் தொலைபேசியிலும் அது வேலை செய்தது. பதிவுகள் முழுவதும் அந்தந்தத் தொலைபேசியிலேயே இருந்தன. கூகிள் பிளேயில் அது இல்லை. வாட்ஸ்அப்பிலும் புளூடூத்திலும் கைக்குக் கை போனது. உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பகிரலாம்.

2022 முடியும்போது வன்னியின் மூன்று மாவட்டங்களில் கமக்காரர் அமைப்புகள் இதைப் பாவித்தன. நிரலைக் கவனித்துப் பதிப்புகளை வெளியிடும் பராமரிப்பாளர்கள் ஐந்து பேர். நிறுவுநர், அறிவியல் நகரில் பொறியியல் படித்து வெளியேறிய இருவர், வவுனியாவில் ஒருவர், ரொறன்ரோவில் ஒருவர். கிட்ஹப் என்ற இணையத்தளத்தில் இருந்த நிரல் களஞ்சியத்துக்கு நிறுவுநரும் ரொறன்ரோக்காரரும் உரிமையாளர்கள். செயலியின் கையொப்பச் சாவி (பதிப்பு உண்மையானது என்று தொலைபேசிக்குக் காட்டும் இரகசியக் கோப்பு), இணைய முகவரி, கமக்காரர் உதவிக்கு அழைக்கும் தொலைபேசி இலக்கம் ஆகிய மூன்றும் நிறுவுநரிடம் மட்டுமே இருந்தன. இதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. தொடங்கியவர் அவர், அதனால் அவரிடம் இருந்தன. யார் தலைவர், அவரை யார் தெரிவு செய்வது, எப்படி மாற்றுவது என்று சொல்லும் யாப்பு, அதாவது அமைப்பின் விதிக்கோவை, ஒரு வரிகூட எங்கும் எழுதப்படவில்லை.

கவனிக்கப்பட்டவை

நிறுவுநரைப் பற்றி இரண்டு விடயங்களைச் சேர்த்தே சொல்லவேண்டும். தண்ணீர் முறைக் காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு வாய்க்கால் கட்டில் நின்று அழைக்கும் கமக்காரருக்கு, தூக்கத்தால் எழும்பிப் பதில் சொன்னவர் அவர்தான். 2022இல் எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக நாடு கிடந்தபோது, கார் பற்றரியில் மடிக்கணினியை ஏற்றிப் பிழைகளைத் திருத்தி அனுப்பினார். அதே ஆள் புதிதாக வந்தவர்களின் வேலையைக் குப்பை என்று பொதுவில் எழுதினார், ஒருவர் அனுப்பிய நிரல் மாற்றத்தைக் காரணம் சொல்லாமல் மூடினார், கேள்வி கேட்டவரை ஊர்க்குழுவில் வைத்து ஏளனம் செய்தார். 2021இலும் 2022இலும் வந்த தொண்டர்களில் பெரும்பாலானோர் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை.

பிரச்சினை வெடித்தது 2022 கடைசியில் ஒரு மாணவி அனுப்பிய மாற்றத்தில். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பல அரச அனுமதிப்பத்திரத்தில் உள்ளவை. பத்திரத்தில் உள்ள பெயருக்குரியவர் போரில் இறந்திருப்பார், அல்லது 2009இல் காணாமல் போயிருப்பார். வயலைச் செய்வது மனைவி, அல்லது மகள். செயலியில் ஒரு காணிக்கு ஒரு பெயர்தான் பதியலாம். கூட்டத்தில் வாசிக்கிற பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் வராது. இல்லாதவரின் பெயரைக் கூப்பிட, அவர் எழும்பி நிற்கவேண்டும். மாணவி செய்கையாளர் என்று இரண்டாவது பெயருக்கு இடம் வைத்து நிரல் எழுதி அனுப்பினார்.

நிறுவுநர் அதை மறுத்தார். மறுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அது பலமான காரணமும்கூட. அரசின் கமநல சேவை நிலையத்தின் பட்டியலோடு அமைப்பின் பட்டியல் ஒத்துப்போகவேண்டும், இல்லாவிட்டால் மானியம் கொடுக்கும்போது அந்தக் குடும்பமே விடுபட்டுப்போகும். ஆனால் அவர் அதை எழுதவில்லை. "அழுகையை நிரலாக்கி அனுப்பவேண்டாம்" என்று எழுதி மூடிவிட்டார். அந்த மாணவியின் தகப்பனும் 2009இலிருந்து இல்லை. அது தனக்குத் தெரியாது என்று நிறுவுநர் பிறகு சொன்னார். அதை நான் நம்புகிறேன். தெரிந்திருந்தால்தான் அப்படி எழுதக்கூடாது என்றில்லை.

மாணவி விலகினார். வவுனியாப் பராமரிப்பாளர் அதுவரை நடந்தவற்றைத் திகதிவாரியாகத் தொகுக்கத் தொடங்கினார். அதற்கு முன்னர் ரொறன்ரோக்காரர் இரண்டு தடவை நிறுவுநரோடு தனியாகப் பேசியிருந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் மன்னிப்புக் கேட்டார், சில வாரம் அடங்கியிருந்தார், பிறகு பழையபடி.

முதல் முடிவு: ஜனவரி

2023 தைப்பொங்கல் கழிந்த கிழமை, நான்கு பராமரிப்பாளர்களும் நிறுவுநர் இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழுவைத் தொடங்கினார்கள். ஒரே இரவில் முடிவெடுத்தார்கள். ரொறன்ரோக்காரர் களஞ்சியத்தில் நிறுவுநரின் உரிமையை நீக்கினார். அதன் பிறகுதான் அறிவித்தலை வெளியிட்டார்கள். நிறுவுநர் காலையில் எழும்பித் தன் கணக்கால் உள்ளே போக முடியாமல் நின்றபோதே விடயம் அவருக்குத் தெரிந்தது.

முன்கூட்டிச் சொல்லாததற்கு அவர்கள் தந்த காரணம் பயம். சொன்னால் கோபத்தில் களஞ்சியத்தை அழித்துவிடுவார் என்று நினைத்தார்கள். நான் இதை ஏற்கவில்லை. கிட் என்ற நிரல் வரலாற்றுக் கருவியில் பிரதி எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். நால்வருடைய கணினிகளிலும் அது இருந்தது. அழித்திருந்தாலும் ஒரு பின்னேரத்தில் திரும்ப ஏற்றியிருக்கலாம். திரும்பப் பெறமுடியாத ஒன்று இருந்தது, அது கையொப்பச் சாவி. அதைப்பற்றி அந்த இரவு உரையாடலில் ஒருவரும் ஒரு சொல்லும் எழுதவில்லை. பேசியதெல்லாம் பதவியைப் பற்றி.

வாதங்களில் வெளியுலக உதாரணங்கள் இரு பக்கமும் பறந்தன. நிறுவுநரின் ஆதரவாளர்கள் ஓப்பன்பிஎஸ்டி என்ற கணினி இயங்குதளத்தைக் காட்டினார்கள். 1994 டிசம்பரில் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்திலிருந்து தியோ டி ராட் வெளியேற்றப்பட்டார், அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய ஓப்பன்பிஎஸ்டியில் இருந்துதான் தூரத்துக் கணினியோடு பாதுகாப்பாக இணைய இன்று உலகம் பாவிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் வந்தது, கெட்டிக்காரனைத் துரத்தினால் நட்டம் துரத்தியவனுக்குத்தான் என்பது அவர்கள் வாதம். மற்றப் பக்கம் லினக்ஸைக் காட்டியது. 2018 செப்ரெம்பரில் அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே தன் பேச்சுமுறைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கியிருந்தார், நடத்தை விதிகளும் அப்போதுதான் வந்தன என்றார்கள். இவை இரண்டையும்விட எங்களுக்குப் பொருந்திய உதாரணத்தை அன்று எவரும் எடுக்கவில்லை. பைதன் நிரல் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரொசம் 2018 ஜூலையில் தானாகத் தலைமையை விட்டார். அதன் பிறகு அந்தச் சமூகம் அடுத்த தலைவர் யார் என்று அவசரப்படவில்லை. தங்களை எப்படி ஆளுவது என்று பல யோசனைகளை எழுதி, டிசம்பரில் வாக்களித்து, 2019 தொடக்கத்தில் ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுச் சபையைத் தெரிந்தது. அந்தச் சபையை மூன்றில் இரண்டு வாக்கால் நீக்கலாம் என்பதும் அந்த விதியிலேயே இருக்கிறது.

பின்விளைவு: பெப்ரவரி

நிறுவுநர் மூன்று நாளில் அதே பெயரில் புதிய பதிப்பை வெளியிட்டார். நான்கு பேரும் இன்னொன்றை வெளியிட்டார்கள். அண்ட்ரொயிட்டில் ஒரு செயலியின் மேல் அடுத்த பதிப்பு ஏறவேண்டுமானால் இரண்டும் ஒரே சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கவேண்டும். நிறுவுநரின் பதிப்பு சிக்கலில்லாமல் ஏறியது. நால்வரின் பதிப்பு ஏற மறுத்தது. பழையதை அகற்றிவிட்டுப் புதியதை நிறுவுங்கள் என்று ஒரு பராமரிப்பாளர் குழுக்களில் செய்தி போட்டார்.

செயலியை அகற்றினால் அதற்குள் இருந்த பதிவுகளும் போய்விடும். அதை அவர் செய்தியில் எழுதவில்லை. கண்டாவளைப் பக்கம் ஒரு அமைப்பின் செயலாளர் சொன்னபடி செய்தார். அவருடைய வாய்க்காலின் முழுப் பட்டியலும் ஒரு நொடியில் போனது. அறுவடைக் காலம், சிறுபோகக் கூட்டத்துக்கு இன்னும் சில வாரம். பகலில் வயலில் நின்றுவிட்டு இரவில் கூட்ட அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு, அந்த மனிதர் பட்டியலைத் திரும்ப எழுதினார். இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் வலித்த பகுதி இதுதான். வெள்ளத்தில் போன பதிவேட்டுக்காகத் தொடங்கிய திட்டம், இன்னொரு பதிவேட்டை அழித்தது.

ஊரில் கதை வேறு மாதிரிப் போனது. வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்துப் பிடித்துவிட்டார்கள் என்றார்கள். நிறுவுநர் செயலியை விற்கப் பார்த்தார் என்றார்கள். இரண்டும் பொய். ஒரு குழுவில் துரோகி என்றும் எழுதினார்கள். அந்த முத்திரை இந்த மண்ணில் எத்தனை உயிரைக் குடித்தது என்று தெரிந்தவர்களே எழுதினார்கள்.

நிறுவுநர் தன் நிரலை மீளப் பெறப்போவதாக அறிவித்ததும் இந்த நாட்களில்தான். அது நடக்காது. விதிகளுக்கு அமைவாகப் பாவிப்பவரிடமிருந்து ஜிபிஎல் தந்த உரிமையைத் திரும்பப் பெறமுடியாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. நால்வரும் நிறுவுநரின் நிரல் தங்களுடையது என்று பேசியதும் அதே அளவு பிழை. எழுதியவரின் பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கிறது.

பொதுநோக்கு மண்டபத்தில்

மார்ச் தொடக்கத்தில், முதலில் செயலியைப் பாவித்த கமக்காரர் அமைப்பின் முன்னாள் தலைவர் ஒருவர் இரு தரப்பையும் தங்கள் பொதுநோக்கு மண்டபத்துக்கு அழைத்தார். எழுபது வயது கடந்தவர். ரொறன்ரோக்காரர் தொலைபேசி வழியாக இணைந்தார். எல்லோரும் ஒரு மணித்தியாலம் பேசிய பிறகு ஐயா கேட்டது இதுதான்:

"தம்பியவை, எங்கட அமைப்பில தலைவர் சரியில்லையெண்டால் நாங்கள் என்ன செய்வம் தெரியுமோ? காரணத்தை எழுதிக் குடுப்பம். பதினாலு நாள் அறிவித்தல். பிறகு பொதுக்கூட்டம். அவருக்கும் கதைக்க நேரம் குடுப்பம். அதுக்குப் பிறகுதான் கை உயர்த்திறது. நீங்கள் இவ்வளவு படிச்சனீங்கள், உங்களிட்ட யாப்பு ஒண்டும் இல்லையோ?"

இல்லை என்று வவுனியாக்காரர் சொன்னார்.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட ஒவ்வொரு கமக்காரர் அமைப்புக்கும் யாப்பு உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கும், சனசமூக நிலையத்துக்கும், மரண உதவிச் சங்கத்துக்கும் உண்டு. தலைவரை மாற்றுவது வன்னிக் கிராமங்களில் பழகிய காரியம். தலைவர் மாறிய பிறகும் பழைய தலைவர் அதே ஊரில் இருக்கவேண்டும் என்பதை எண்ணியே அந்த முறைகள் அமைந்திருக்கின்றன. மென்பொருள் எழுதியவர்கள் அந்த அமைப்புகளுக்காகவே நான்கு வருடம் எழுதியும், அவற்றின் நடைமுறையைத் தங்கள் திட்டத்துக்கு எடுக்கவில்லை.

அன்று எடுத்த முடிவுகளின் ஒழுங்கு முக்கியமானது. ஐயா சொன்னபடி முதலில் கமக்காரரின் பதிவு, இரண்டாவது சாவி, கடைசியில்தான் ஆள். பதிவுகளை வெளியே கோப்பாக எடுத்து வைக்கும் வசதியோடு ஒரேயொரு பதிப்பை நிறுவுநர் பழைய சாவியால் கையொப்பமிட்டு வெளியிடவேண்டும், நிரலை மற்ற இருவர் சரிபார்க்கவேண்டும் என்று தீர்மானித்தார்கள். அது முடியும்வரை இரு தரப்பும் வேறு பதிப்பு வெளியிடுவதில்லை. ஜனவரியில் நடந்த நீக்கம் செல்லாது. குற்றச்சாட்டுகளை எழுத்தில் கொடுத்துப் பதினான்கு நாளின் பின் விசாரணை.

நிறுவுநர் அந்தப் பதிப்பை நான்கு நாளில் கொடுத்தார். சிறுபோகக் கூட்டத்துக்கு முன் எல்லா அமைப்புகளும் தங்கள் பதிவைப் பிரதி எடுத்துவிட்டன. தன்னை அவமானப்படுத்தியவர்களோடு இருந்து அவர் அந்த வேலையைச் செய்ததை இங்கே பதிவு செய்யவேண்டும்.

விசாரணையும் வாக்கும்

ஏப்ரலில் ஒரு போயா விடுமுறை நாளில் விசாரணை நடந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தலைமை வகித்தார். குற்றச்சாட்டில் ஆறு சம்பவங்கள் இருந்தன. மாணவி நேரில் வரவில்லை, எழுத்தில் தந்தார். அவரை வரும்படி ஒருவரும் வற்புறுத்தக்கூடாது என்று ஆசிரியை முதலிலேயே சொல்லிவிட்டார். நிறுவுநர் நான்கு சம்பவங்களை ஒத்துக்கொண்டார், இரண்டை மறுத்தார். மறுத்தவற்றில் ஒன்று உண்மையில் ஆதாரமில்லாதது என்று கூட்டம் ஏற்று நீக்கியது. ஜனவரியில் யாரும் அவரைக் கேட்காததால் அந்தப் பொய்க் குற்றமும் மற்றவற்றோடு மூன்று மாதம் ஊரில் உலாவியது.

மாணவியின் மாற்றம் பற்றி நிறுவுநர் தன் காரணத்தை முதல் தடவையாக முழுமையாக விளக்கினார். கமநல சேவை நிலையப் பட்டியலின் மாதிரியைக் கொண்டுவந்து காட்டினார். மண்டபத்தில் இருந்த ஒரு பெண் உறுப்பினர், "உது சரிதான் தம்பி, அந்தப் பட்டியல் உள்ளபடி இருக்கட்டும். கூட்டத்தில வாசிக்கிறதுக்கு எங்கட பேரை வையுங்கோ" என்றார். தீர்வு அங்கேயே வந்தது. இரண்டு பெயரும் பதியப்படும், அலுவலகத்துக்கு அச்சிடும்போது பத்திரப் பெயர் மட்டும், கூட்டப் பட்டியலில் செய்கையாளர் பெயர். டிசம்பரில் ஒரு பந்தி எழுதியிருந்தால் அப்போதே முடிந்திருக்கக்கூடிய விடயம்.

வாக்கில் பராமரிப்பாளர் நால்வரும் பாவனையாளர் அமைப்புகளின் பிரதிநிதிகள் ஐவரும் பங்கெடுத்தார்கள். நிறுவுநர் வாக்களிக்கவில்லை. தலைமையிலும் மற்றவரின் நிரலை ஏற்கும் அல்லது மறுக்கும் பொறுப்பிலும் இருந்து அவரை நீக்க ஏழு பேர் ஆதரவு, இருவர் எதிர். தொடர்ந்து நிரல் எழுதி அனுப்பலாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அவர் மறுத்து எழும்பினார். ஆனால் தீர்மானத்தை ஏற்பதாக எல்லோர் முன்னாலும் சொன்னார். எதிர்த்து வாக்களித்த இருவரும் முறை சரியாக நடந்தது என்று கையெழுத்து வைத்தார்கள்.

அதன் பிறகு

மே மாதம் நிறுவுநர் சாவியின் பிரதியை ஒப்படைத்தார். ஒருவருக்குத் தெரிந்த சாவியை அவரிடமிருந்து திரும்ப வாங்க முடியாது, அவர் பாவிக்கமாட்டார் என்ற வாக்குத்தான் இருக்கிறது. அண்ட்ரொயிட் 9இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் பழைய சாவியிலிருந்து புதிய சாவிக்கு முறைப்படி மாறலாம். அதைச் செய்தார்கள். கமக்காரரிடம் உள்ள பழைய தொலைபேசிகள் பல அதற்கு முந்தியவை, ஆகவே பழைய சாவியையும் வைத்திருக்கவேண்டியிருக்கிறது. இரண்டும் இப்போது இரு வேறு ஊர்களில் இருவரிடம்.

ஓகஸ்டில் நிறுவுநர் வேறு பெயரில் தன் செயலியை வெளியிட்டார். இரண்டு அமைப்புகள் அதற்குப் போயின. மார்ச்சில் உருவாக்கிய கோப்பு வடிவத்தையே இரண்டு செயலிகளும் வாசிப்பதால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பதிவுகளை மாற்றலாம். இப்படிப் பிரிவது திறந்த மூலத்தில் தோல்வி அல்ல, ஜிபிஎல் அதற்குத்தான் இடம் வைத்திருக்கிறது.

செய்கையாளர் பெயர் வசதி ஜூலைப் பதிப்பில் சேர்ந்தது. மாணவியின் பெயர் நிரல் வரலாற்றில் அவருடைய வேலைக்கு நேரே இருக்கிறது. அவர் திரும்பி வரவில்லை.

மாற்றப்பட்டவையும் இன்னும் மாறாதவையும்

இப்போது மூன்று பக்க யாப்பு ஒன்று களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதன் பெரும்பகுதி கமக்காரர் அமைப்பின் யாப்பைப் பார்த்து எழுதியது. ஒருவரின் பொறுப்பைப் பறிப்பதானால் எழுத்தில் காரணம், பதினான்கு நாள், பதில் சொல்லும் வாய்ப்பு, மூன்றில் இரண்டு வாக்கு. உடனடி ஆபத்து இருந்தால் இருவர் சேர்ந்து ஏழு நாளுக்கு மட்டும் அவருடைய அணுகலை நிறுத்தலாம், அதே மணித்தியாலத்தில் அவருக்குச் சொல்லவேண்டும். சாவி, இணைய முகவரி, தொலைபேசி இலக்கம் எதுவும் ஒருவரிடம் மட்டும் இருக்கக்கூடாது. ஒரு மாற்றத்தை மறுப்பவர் தொழில்நுட்பக் காரணத்தை எழுதாமல் மூடமுடியாது. என் பார்வையில், இந்தக் கடைசி விதி 2021இலேயே இருந்திருந்தால் மற்ற விதிகளுக்குத் தேவை வந்திருக்காது.

முறைப்பாடுகள் பராமரிப்பாளர்களிடம் போவதில்லை, விசாரணைக்குத் தலைமை வகித்த ஆசிரியையிடம் போகின்றன. அவருக்குப் பதிலாக ஒருவரை இன்னும் தேடுகிறார்கள். விடியற்காலை அழைப்புகளுக்கு முறை வைத்துப் பதில் சொல்லும் ஏற்பாடும் சரிவரவில்லை. 2023 சிறுபோகத்தில் தண்ணீர் முறை நடந்த வாரங்களில் கமக்காரர் பலர் பழைய இலக்கத்துக்கே அழைத்தார்கள். நிறுவுநர் எந்தச் செயலி என்று கேட்காமல் பதில் சொன்னார். அந்த வேலையை இருவராகப் பகிர்வது பற்றி வவுனியாக்காரர் அவரோடு பேசிவருகிறார்.